படித்தால் புரிகிறது, கணக்குதான் வரவில்லை: ஜே.இ.இ. இயற்பியலுக்குப் பயிற்சி செய்வது எப்படி?

பதினொன்றாம் வகுப்பை முடித்துவிட்டு, பொறியியல் படிப்புக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினுக்குத் தயாராகும் தமிழ்வழி மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "பாடப்புத்தகத்தைப் படிக்கும்போது எல்லாம் புரிகிறது. எடுத்துக்காட்டுக் கணக்குகளையும் பின்தொடர முடிகிறது. ஆனால் புதிய கணக்கு ஒன்றைக் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. அடிப்படைக் கருத்துகளுக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது? ஒரு நாளைக்கு எத்தனை கணக்குகள் போட வேண்டும்?"

பல ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் குறை உங்களுக்கு மட்டும் உரியதன்று. தீர்த்துக் காட்டிய கணக்கைப் படிக்கும்போது, எந்த விதியைப் பயன்படுத்துவது, எந்தப் பொருளைத் தனியாக எடுத்துப் பார்ப்பது, எந்தத் திசையை நேர்க்குறியாகக் கொள்வது ஆகிய முடிவுகளை எல்லாம் புத்தகம் எழுதியவரே எடுத்து முடித்துவிட்டார். உங்களுக்கு மிஞ்சியிருப்பது அவருடைய கூட்டல் பெருக்கலைச் சரிபார்க்கும் வேலை மட்டுமே. அது தடையின்றி நடப்பதால் "புரிந்துவிட்டது" என்று தோன்றுகிறது. தேர்வுக் கூடத்தில் கேட்கப்படுவதோ அந்த முடிவுகளைத்தான். ஆகவே நீங்கள் பயிற்சி செய்ய வேண்டியது முடிவெடுப்பதை. சூத்திரத்தில் எண்களை இடுவதை அன்று.

இதை ஒரே ஒரு கணக்கை வைத்து விளக்குகிறேன். பென்சிலை எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள். சமமான தரையில் 5 கிலோகிராம் நிறையுள்ள பெட்டி ஒன்று இருக்கிறது. நிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3, புவியீர்ப்பு முடுக்கம் 10 மீட்டர்/வினாடி² என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைக் கிடையாக 12 நியூட்டன் விசையால் தள்ளுகிறோம். உராய்வு விசை எவ்வளவு?

பெரும்பாலான மாணவர்கள், தரை பெட்டியை மேல்நோக்கித் தாங்கும் செங்குத்து விசையான 50 நியூட்டனை 0.4 ஆல் பெருக்கி, 20 நியூட்டன் என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். அந்த விடை உண்மையானால் என்ன நடக்கும் என்று பாருங்கள். முன்னோக்கி 12, பின்னோக்கி 20. எஞ்சுவது பின்னோக்கி 8 நியூட்டன். அதாவது, தள்ளுகிறவரை நோக்கியே பெட்டி வர வேண்டும்! எந்த வீட்டிலும் எந்தப் பெட்டியும் அப்படி வந்ததில்லை. 20 நியூட்டன் என்பது நிலை உராய்வு எட்டக்கூடிய உச்ச மதிப்பு. அந்த உச்சத்துக்குள், தள்ளும் விசை எவ்வளவோ அவ்வளவுதான் உராய்வு எதிர்த்து நிற்கும். ஆகவே விடை 12 நியூட்டன், பெட்டி அசையாது.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். அதே பெட்டியை 25 நியூட்டன் விசையால் தள்ளினால் என்ன ஆகும்? உச்சமான 20ஐத் தாண்டிவிட்டதால் பெட்டி நகரும். நகரத் தொடங்கியபின் உராய்வு 15 நியூட்டன். எஞ்சும் 10 நியூட்டன் தரும் முடுக்கம் 2 மீட்டர்/வினாடி². அடுத்ததாக, அதே 25 நியூட்டன் விசையைக் கிடைத்தளத்துக்கு 37 பாகை மேல்நோக்கிய சாய்வில் கயிறு கட்டி இழுத்துக் கொடுங்கள். கிடைக்கூறு 20, செங்குத்துக் கூறு 15. மேல்நோக்கிய 15 நியூட்டன் பெட்டியின் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்வதால் செங்குத்து விசை 35 ஆகக் குறைகிறது. நிலை உராய்வின் உச்சமும் 14 ஆகக் குறைகிறது. பெட்டி நகரும்; இயக்க உராய்வு 10.5, முடுக்கம் 1.9. இப்போது அதே விசையை அதே கோணத்தில் கீழ்நோக்கிச் சாய்த்துத் தள்ளிப் பாருங்கள். செங்குத்து விசை 65 ஆகிறது, உராய்வின் உச்சம் 26 ஆகிறது, உங்கள் கிடைக்கூறோ 20 மட்டுமே. பெட்டி அசையவே அசையாது. உராய்வு 20 நியூட்டன். கனமான மூட்டையைச் சாய்வாகத் தள்ளுவதைவிடச் சாய்வாக இழுப்பது எளிது என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அந்த அனுபவத்துக்கான காரணத்தை இந்தப் பத்து நிமிடத்தில் நீங்களே எண்களாகக் கண்டுவிட்டீர்கள்.

ஆர்வம் இருந்தால் இன்னும் ஒரு படி போகலாம்: எந்தக் கோணத்தில் இழுத்தால் முடுக்கம் மிக அதிகமாக இருக்கும்? கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு இயக்க உராய்வுக் குணகத்துக்குச் சமமாகும்போது, அதாவது ஏறத்தாழ 17 பாகையில். முடுக்கத்துக்கான கோவையைக் கோணத்தைப் பொறுத்து வகையிட்டால் இது கிடைத்துவிடும். கணிதப் பாடத்தில் படித்த வகை நுண்கணிதத்துக்கு இங்கே வேலை வருகிறது.

உராய்வு பற்றிய ஐம்பது கணக்குகளை ஓட்டமாகப் போட்டாலும், நிலை உராய்வு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் விசை என்ற ஒன்றைக் கவனிக்காமல் போக முடியும். ஒரு கணக்கை இப்படி நான்கு முறை மாற்றிப் போட்டவர் அதைக் கவனிக்காமல் இருக்கவே முடியாது. ஆகவே எத்தனை கணக்குகள் என்ற கேள்விக்கு என் பதில் இது: தொடக்க மாதங்களில் ஒரு நாளைக்கு ஐந்து அல்லது ஆறு கணக்குகள் போதும். ஒவ்வொன்றையும் போட்டு முடித்தபின், தரப்பட்டவற்றில் ஏதேனும் ஒன்றை மாற்றி மறுபடியும் போடுங்கள். ஒரு கணக்கு வரவில்லை என்றால் குறைந்தது இருபது நிமிடங்களாவது அதனுடன் இருந்துவிட்டுத்தான் விடைக்குறிப்பைத் திறக்க வேண்டும். திறந்தபின் முழுவதையும் படிக்காமல், நீங்கள் தவறவிட்ட அந்த ஒரு முடிவு எது என்று தெரிந்ததும் மூடிவிட்டு, மீதியை நீங்களே முடியுங்கள். மூன்று நாள் கழித்து அதே கணக்கை வெற்றுத் தாளில் மீண்டும் போட்டுப் பாருங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்; என் அனுபவத்தில் அதிகப் பயன் தருவதும் அதுவே.

அடுத்து, இயக்கவியலில் நேர்க்குறியும் எதிர்க்குறியும். மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்று கேட்டால், சுழி என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. சுழியாவது திசைவேகம் மட்டுமே. முடுக்கமும் சுழியாகிவிட்டால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். இதை உறுதியாக்கிக்கொள்ள ஒரு கணக்கு: 25 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் மேலிருந்து 20 மீட்டர்/வினாடி வேகத்தில் ஒரு பந்தை நேர் மேல்நோக்கி எறிகிறோம். தரையை அடைய எவ்வளவு நேரமாகும்? மேலே போகும் நேரம், கட்டட உச்சிக்குத் திரும்பும் நேரம், அங்கிருந்து தரைக்கு விழும் நேரம் என்று மூன்றாகப் பிரித்துப் போடுவது பழக்கம். பிரிக்கவே தேவையில்லை. மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டால் இடப்பெயர்ச்சி −25, தொடக்கத் திசைவேகம் +20, முடுக்கம் −10. இவற்றை இயக்கச் சமன்பாட்டில் இட்டால், காலத்தின் வர்க்கத்திலிருந்து காலத்தின் நான்கு மடங்கையும் பின்னர் 5ஐயும் கழித்தால் சுழி என்ற இருபடிச் சமன்பாடு வருகிறது. அதன் தீர்வுகள் 5, −1. விடை 5 வினாடி.

அந்த −1ஐ எல்லோரும் அடித்துவிடுகிறார்கள். அடிக்கும் முன் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். பந்து எறியப்படுவதற்கு ஒரு வினாடி முன்னால், தரையிலிருந்து 30 மீட்டர்/வினாடி வேகத்தில் யாரேனும் ஒரு பந்தை மேலே எறிந்திருந்தால், அது சரியாக ஒரு வினாடியில் 25 மீட்டர் ஏறி, 20 மீட்டர்/வினாடி வேகத்துடன் கட்டட உச்சியைக் கடந்திருக்கும். இரண்டு பந்துகளும் அதற்குப் பிறகு ஒரே பாதையில்தான் போகும். சமன்பாட்டுக்கு அவற்றுக்கிடையே வேறுபாடு தெரியாது. சமன்பாடு சொன்னது முழுவதும் உண்மை, அதில் நம் கேள்விக்கு உரிய பகுதியை மட்டும் நாம் எடுத்துக்கொள்கிறோம். இதை முதன்முறை உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை. குறிகளைப் பற்றிய பயம் போவதற்கு இதைவிட நல்ல மருந்தை நான் அறியேன்.

விசைகள் வரும் எந்தக் கணக்கிலும் முதலில் படம் வரையுங்கள். பாடநூல் சொல்லும் தனித்த பொருளின் விசைப்படம் மதிப்பெண்ணுக்காக வரையும் அலங்காரம் அன்று. அதுவே தீர்வின் பாதி. அதில் போடும் ஒவ்வொரு அம்புக்குறிக்கும், "இந்த விசையைக் கொடுப்பது எது?" என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். பூமி, தரை, கயிறு, சுருள்வில் என்று ஒரு பொருளைச் சுட்ட முடியாவிட்டால் அந்த அம்புக்குறியை அழித்துவிடுங்கள். வட்ட இயக்கத்தில் "மையநோக்கு விசை" என்று தனியாக ஓர் அம்புக்குறி போடும் பிழை இந்த ஒரே கேள்வியில் காணாமல் போகும். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லுக்கு மையநோக்கு விசையைத் தருவது கயிற்றின் இழுவிசை. சமதளச் சாலையில் திரும்பும் காருக்கு அதைத் தருவது உராய்வு. தரையில் நிற்பவரின் குறிப்பாயத்திலிருந்து, அதாவது அவருடைய பார்வையிலிருந்து, கணக்குப் போடும்போது மையவிலக்கு விசை என்ற ஒன்று படத்தில் வரவே கூடாது. சுழலும் குறிப்பாயத்தில் இருந்துகொண்டு பார்க்கும்போது மட்டுமே அதைப் போலி விசையாகச் சேர்க்கிறோம்.

எந்த அழிவின்மை விதியை எங்கே பயன்படுத்துவது என்பது அடுத்த பெரிய முடிவு. 10 கிராம் நிறையுள்ள துப்பாக்கிக் குண்டு 200 மீட்டர்/வினாடி வேகத்தில் வந்து, நூலில் தொங்கும் 990 கிராம் மரக்கட்டைக்குள் பதிந்துவிடுகிறது. கட்டை எவ்வளவு உயரம் எழும்பும்? குண்டின் இயக்க ஆற்றல் 200 ஜூல். அது முழுவதும் நிலை ஆற்றலாக மாறுகிறது என்று எழுதினால், ஒரு கிலோகிராம் கட்டை 20 மீட்டர், அதாவது ஆறு மாடி உயரத்துக்கு எழும்ப வேண்டும். சரியான வழி வேறு: குண்டு கட்டைக்குள் துளைத்து நிற்கும் மிகச் சிறிய நேரத்தில் உந்தம் மாறாது, ஆனால் இயக்க ஆற்றல் வெப்பமாகவும் மரத்தின் உருச்சிதைவாகவும் போகிறது. உந்த அழிவின்மைப்படி, பதிந்தபின் வேகம் 2 மீட்டர்/வினாடி. அதற்குப் பிறகு கட்டை மேலே ஊசலாடும் கட்டத்தில் நூலின் இழுவிசை வேலை எதுவும் செய்யாததால் ஆற்றல் அழிவின்மையைப் பயன்படுத்தலாம். உயரம் 20 சென்டிமீட்டர். தொடக்கத்தில் இருந்த 200 ஜூலில் கட்டையின் இயக்கத்துக்கு வந்தது 2 ஜூல் மட்டுமே. நிகழ்வை இரண்டு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எது மாறாமல் இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டுத்தான் சமன்பாட்டுக்குப் போக வேண்டும்.

விடை வந்தபின் அதைச் சோதிக்கும் பழக்கமும் பயிற்சியின் ஒரு பகுதியே. கப்பியின் இருபுறமும் தொங்கும் இரண்டு நிறைகளின் முடுக்கத்தைக் கணக்கிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறைகள் சமமானால் உங்கள் கோவை சுழியைத் தருகிறதா? ஒரு நிறையைச் சுழியாக்கினால், மற்றது தடையின்றி விழுவதால் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாகிறதா? அப்போது கயிற்றின் இழுவிசை சுழியாகிறதா? பரிமாணம் பொருந்துகிறதா? இவற்றுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில், கணக்கே போடாமல் இரண்டு மூன்று விடைகளை இப்படி நீக்கிவிட முடிவதும் உண்டு.

மின்னியலிலும் கேள்வி இதே வடிவம்தான்: எது மாறாமல் இருக்கிறது? மின்தேக்கி ஒன்றின் தகடுகளுக்கிடையே மின்காப்புப் பொருளைச் செருகினால் சேமித்த ஆற்றல் கூடுமா, குறையுமா என்று கேட்டால், "மின்கலம் இணைப்பில் இருக்கிறதா?" என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும். இணைப்பில் இருந்தால் மின்னழுத்தம் மாறாது. மின்னூட்டமும் ஆற்றலும் கூடும். இணைப்பைத் துண்டித்துவிட்டுச் செருகினால் மின்னூட்டம் மாறாது. மின்னழுத்தமும் ஆற்றலும் குறையும். அதேபோல, 220 வோல்ட்டுக்கு உரிய 60 வாட், 100 வாட் இழை பல்புகளைத் தொடரிணைப்பில் போட்டால் 60 வாட் பல்புதான் பிரகாசமாக எரியும், ஏனெனில் அங்கே இரண்டுக்கும் பொதுவானது மின்னோட்டம், 60 வாட் பல்பின் மின்தடையோ அதிகம். பக்க இணைப்பில் பொதுவானது மின்னழுத்தம் என்பதால் நிலைமை தலைகீழாகும்.

பாடங்களின் வரிசையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இயக்கவியல், இயக்க விதிகள், வேலை, ஆற்றல், உந்தம் ஆகியவற்றுக்கு முதல் இரண்டு மூன்று மாதங்களைத் தயங்காமல் கொடுங்கள். சுழற்சி இயக்கம், அலைவுகள், மின்புலத்தில் மின்துகளின் இயக்கம் எல்லாம் இவற்றின் மேல் எழுந்தவை. ஒளிமின் விளைவு, போர் அணு மாதிரி, குறைகடத்திகள் போன்ற பகுதிகளைக் குறைந்த நாட்களில் முடித்துவிடலாம். செய்முறைத் திறன்களும் ஜே.இ.இ. மெயின் பாடத்திட்டத்தில் தனி அலகாக இருக்கின்றன. பள்ளி ஆய்வகத்தில் வெர்னியர் அளவியையும் திருகு அளவியையும் கையில் எடுத்து, சுழிப்பிழையைக் கண்டு திருத்தி நீங்களே அளந்திருந்தால், அந்த வினா உங்களுக்கு நிமிடக் கணக்கு. ஆகவே செய்முறை வகுப்பில் பக்கத்து மாணவரின் அளவீட்டைப் பார்த்து எழுதாதீர்கள்.

தேர்வில் கணிப்பான் கிடையாது. எனவே பயிற்சியிலும் கைபேசியைத் தொடாமல் பெருக்குங்கள். 2, 3, 5 ஆகியவற்றின் வர்க்கமூலங்கள், 30, 37, 45, 53, 60 பாகைகளின் சைன், கொசைன் மதிப்புகள், பத்தின் அடுக்குகளைக் கூட்டிக் கழிப்பது ஆகியவை யோசிக்காமல் வர வேண்டும். கருத்து சரியாக இருந்தும் தசமப் புள்ளியில் மதிப்பெண்ணை இழந்த மாணவர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

நீங்கள் தமிழ்வழியில் படிப்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஜே.இ.இ. மெயின் 2021ஆம் ஆண்டு முதல் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடக்கிறது. விண்ணப்பிக்கும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் வரும் கலைச்சொற்களை இரு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: உந்தம் என்றால் மொமெண்டம், கணத்தாக்கு என்றால் இம்பல்ஸ், திருப்பு விசை என்றால் டார்க். அடுத்த கட்டமான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடப்பதால், ஐ.ஐ.டி. உங்கள் இலக்கு என்றால் இந்த நோட்டு இன்னும் இன்றியமையாதது. ஆனால் கருத்தைத் தமிழில் யோசித்துப் புரிந்துகொள்வதைக் கைவிடாதீர்கள். நிலை உராய்வு உங்களுக்கு எந்த மொழியில் விளங்குகிறதோ அந்த மொழியில்தான் அது தேர்வுக் கூடத்திலும் நினைவுக்கு வரும்.

இன்னொரு நோட்டும் வேண்டும், பிழைகளுக்கு. தேதி, கணக்கின் ஒரு வரிச் சுருக்கம், நான் எடுத்த தவறான முடிவு, ஏன் எடுத்தேன், இவ்வளவு போதும். "கவனக்குறைவு" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். "செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று நினைத்தேன்" என்று எழுதினால் அடுத்த முறை அதே இடத்தில் உங்கள் கை நிற்கும். இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த நோட்டைப் புரட்டினால், நாற்பது பிழைகள் போலத் தெரிந்தவை உண்மையில் ஐந்தாறு தவறான எண்ணங்களின் வெவ்வேறு தோற்றங்கள் என்பது தெரியும்.

நேரம் வைத்துத் தேர்வு எழுதிப் பார்ப்பதை, பாடங்களில் பாதியாவது முடிந்தபின் தொடங்கினால் போதும். இப்போதுள்ள முறைப்படி 3 மணி நேரத்தில் 75 வினாக்கள், இயற்பியலுக்கு 25. அவற்றில் 20 வினாக்கள் நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுப்பவை, 5 வினாக்களில் விடையை எண்ணாக உள்ளிட வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். எண் விடை வினாக்களுக்கும் இது பொருந்தும். சராசரியாக ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடத்துக்கும் குறைவாகத்தான் கிடைக்கிறது என்றாலும், இயற்பியலின் 25 வினாக்களையும் ஒரே வேகத்தில் போட வேண்டியதில்லை. முதல் சுற்றில், படித்தவுடன் படமும் விதியும் மனத்தில் தோன்றுகிற வினாக்களை மட்டும் முடியுங்கள். இரண்டாம் சுற்றில், வழி தெரிந்தும் கணக்கு நீளமானவற்றை எடுங்கள். வழியே தோன்றாதவற்றை விட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்தபின் அவற்றைத்தான் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் முதலில் போட வேண்டும். பழைய வினாத்தாள்களையும் மாதிரித் தேர்வுகளையும் தேசியத் தேர்வு முகமை தன் இணையதளத்தில் இலவசமாகவே தருகிறது. பணம் கொடுத்து வாங்குவதற்கு முன் அவற்றை முடித்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியல் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. 200க்கான கட்-ஆஃபில் இயற்பியலுக்கு 50 பங்கு. ஆகவே இந்த உழைப்பைத் திருச்சி என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களுக்கான தேர்வுக்கு மட்டும் உரியது என்று பிரித்துப் பார்க்க வேண்டாம். விசைப்படத்தைப் பிழையின்றி வரைகிறவருக்குப் பொதுத்தேர்வின் கணக்குகளும் வந்துவிடும். இன்று மாலை ஒரு வெற்றுத் தாளை எடுத்து, மேலே சொன்ன 5 கிலோகிராம் பெட்டியை 30 பாகைச் சாய்தளத்தின் மேல் வைத்து, அது வழுக்குமா நிற்குமா என்று பாருங்கள். வழுக்கும் என்றால், அதை நிறுத்தி வைக்கத் தளத்தின் வழியே மேல்நோக்கிக் குறைந்தது எவ்வளவு விசை வேண்டும், மேலே நகரத் தொடங்கிவிடாமல் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்று கண்டுபிடியுங்கள். முதல் விடை 8 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவாகவும், இரண்டாவது 42 நியூட்டனுக்குச் சற்று அதிகமாகவும் வர வேண்டும்.